விற்பனைக்கு வந்த புதுக் கோட்டு

செப்டம்பர் 13, வெள்ளி

ஜோஸ்லின்,

இந்த நோட்டுல எழுதச் சொல்லி மிசஸ் பெல்டியேவோட உத்தரவு. ஃபோன்ல மெசேஜ் அனுப்பினா நீயும் நானும் அடிச்சுக்கிறோமாம். கையால எழுதினா கோபம் பாதி வழியிலேயே இறங்கிடுமாம். மத்தியஸ்தம் பண்றதே அவங்க பிழைப்பு, அவங்களுக்குத் தெரியாததா. டெரிக் எழுத மாட்டான். ஏழு வருஷம் அவனோட குடித்தனம் பண்ணினேன், மளிகைக்கு ஒரு பட்டியல்கூட எழுதினதில்ல. அதனால அவன் பொண்டாட்டி உனக்கே எழுதறேன். என் பொண்ணு வின்னி பையில நோட்டு வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வரும், ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்குத் திரும்பும். எழுத்தையெல்லாம் சேர்த்துக் கூட்டெழுத்துல எழுது. இப்ப பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லித் தர்றதில்ல, அவளால படிக்க முடியாது.

விஷயத்துக்கு வரேன். போட்டுட்டு வந்த உடுப்போடதான் பிள்ளை திரும்பிப் போகணும்னு பேசி வெச்சிருக்கோம், சரி. நீ அதைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சுப் பையில கட்டி அனுப்புறே. அவ போட்டுக்கிட்டு வந்தது வரி வரியா இருக்கிற மொத்தத் துணி, கார்டுராய் பேன்ட்டு. அதுக்கு இஸ்திரி போடுற முதல் ஆளை இந்த ஊர்ல இப்பத்தான் பாக்குறேன். நீ வாங்கின புது உடுப்பெல்லாம் உன் வீட்டு அலமாரியிலேயே தொங்குது. அதைப் பத்தியும் நான் கேக்கலை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஓட்டிட்டு வந்து, மறுநாளைக்குன்னு அந்த பேன்ட்டை எடுத்து வெக்கிறேன். "அம்மா, இது யாரோடது?"ன்னு கேட்டா. உன்னோடதுதான்னு சொன்னேன். "எனக்கு முன்னாடி யாரோடது?"

ஏழு வருஷத்துல அவ கேக்காத கேள்வி. யார் சொல்லிக் கொடுத்தது?

கொரீன்


செப்டம்பர் 15, ஞாயிறு

அன்புள்ள கொரீன்,

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களிடம் சொல்லாதே என்று வின்னி கேட்டுக்கொண்டதால் இதுவரை சொல்லாமல் இருந்தேன்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, பள்ளியிலிருந்து நான்தான் அவளை அழைத்து வந்தேன். மழை பெய்தது. நீங்கள் எடுத்துக் கொடுத்த சிவப்பு மழைச் சட்டையைப் போட்டிருந்தாள். அவள் வகுப்பில் பிரின் என்று ஒரு பெண். ஓடி வந்து, "ஏய், அது என்னோடது! எங்கம்மா வித்துட்டாங்க!" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே கறுப்பு மையில் "பிரின் கே." என்று எழுதியிருந்தது.  வின்னி சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கார் வரைக்கும் நனைந்துகொண்டே வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமையே அவளுக்குக் குளிர்காலக் கோட்டு ஒன்று வாங்கினேன். கத்திரிப்பூ நிறம், தொப்பியோடு. புதியது. நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அவளுக்கு வேண்டியதை எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஃபோனில் வாங்குகிறேன். அடுத்த ஞாயிறு அவள் அதைப் போட்டுக்கொண்டே வரட்டும். கோட்டு உங்கள் வீட்டிலும் அவளுக்கு வேண்டும் அல்லவா. இது ஒன்றுக்கு மட்டும் விதி வேண்டாம்.

ஜோஸ்லின்


செப்டம்பர் 27, வெள்ளி

ஜோஸ்லின்,

கோட்டு வந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. அதுதான் வயித்தெரிச்சலே.

நான் எப்படி வாங்குறேன்னு உனக்குத் தெரியாது, சொல்றேன் கேளு. வசந்தத்துல ஒரு தடவை, பனி விழறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஐஸ் மேல கல்லைத் தள்ளி விளையாடுவாங்களே, அந்தக் கர்லிங் கிளப் கூடத்துல பிள்ளைங்க பழைய உடுப்பு விற்பனை நடக்கும். ஊர்ல இருக்கிற அம்மாக்கள் சின்னதாப் போன உடுப்பையெல்லாம் விலை அட்டை எழுதி ஊக்கு குத்திக் கொண்டாந்து கொடுப்பாங்க. அங்கே சம்பளமில்லாம மூணு மணி நேரம் நின்னு, அளவு பார்த்து அடுக்கிக் கொடுத்தா, மத்தவங்களுக்குக் கதவு திறக்கிறதுக்கு முந்தின நாளே நாம எடுத்துக்கலாம். பஸ் ஓட்டிட்டு வந்த காலோட நான் நிக்கிறேன். முட்டி தேஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பேன். ஜிப்பை பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பேன். துணியைக் கன்னத்துல தேச்சுப் பார்ப்பேன், உறுத்தினா வெச்சிடுவேன். நீ பல்லு தேய்ச்சு விட்ட கையோட ஃபோன்ல தட்டினே, மறுநாள் வாசல்ல வந்து விழுந்துச்சு.

அந்த "பிரின் கே." என் கண்ணுல எப்படித் தப்பிச்சுது? படிச்சதிலேருந்து வீட்ல இருக்கிற காலரையெல்லாம் திருப்பிப் பார்த்துக்கிட்டிருக்கேன். அவ நனைஞ்சுக்கிட்டு வந்ததைவிட, உன்கிட்ட சொன்னவ என்கிட்ட மறைச்சாளே, அதுதான் உறுத்துது.

இன்னொண்ணு. மத்தியஸ்தர்கிட்டேருந்து கடிதம் வந்திருக்கு. ஜனவரிலேருந்து வார நாளெல்லாம் வின்னி உங்க வீட்ல, சனி ஞாயிறு மட்டும் என் வீட்லன்னு மாத்தணுமாம். நவம்பர் 14 பேச்சுவார்த்தை. நான் விடிகாலை அஞ்சு மணிக்கு வேலைக்குக் கிளம்பறேனாம். அப்ப பிள்ளையோட வந்து இருக்கிற பக்கத்து வீட்டு மிசஸ் லிண்ட்க்விஸ்ட் இந்தத் தடவை குளிருக்குப் பயந்து ஜனவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும் புளோரிடா போறாங்களாம். இதெல்லாம் உண்மைதான், மறுக்கலை. அதுக்கும் கீழே ஒரு வரி: "பிள்ளை அடுத்தவர் பெயர் எழுதிய உடுப்பில் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள்." டெரிக்குக்கு அப்படி ஒரு வரி எழுத வராது. அது உன் கை.

என் பொண்ணை ஒரு கோட்டு வாங்கிக் கொடுத்து எடுத்துக்கலாம்னு நினைக்காதே.

கொரீன்


செப்டம்பர் 29, ஞாயிறு

கொரீன்,

அந்த வரியைச் சொன்னது டெரிக். தட்டச்சு செய்தது நான். பிரின் விஷயத்தைச் சாப்பாட்டு மேஜையில் அவரிடம் சொன்னதும் நான்தான். அந்த வரி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

இந்த வீட்டு அலமாரியில் நான் வாங்கிய நான்கு கவுன்கள் விலைச்சீட்டோடு தொங்குகின்றன. சனிக்கிழமை காலையில் "எதைப் போட்டுக்கிறே?" என்று கேட்டால், உங்கள் வீட்டிலிருந்து போட்டு வந்ததையே எடுத்துக்கொள்வாள். போன வாரம் அதில் மஞ்சள் கவுனை அவளிடம் நீட்டினேன். "ஜோ, நீ இதைக் கன்னத்துல தேச்சுப் பார்த்தியா? அம்மா தேச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பாங்க" என்றாள். ஃபோனில் எங்கே கன்னத்தை வைத்துத் தேய்ப்பது?  துவைப்பதற்குப் போட்டிருந்த அவளுடைய பழைய ஃபிளானல் சட்டையை எடுத்து, யாரும் பார்க்காதபோது என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

எனக்கு உங்கள் மேல் பொறாமை. போதுமா.

அந்த விற்பனைக்கு யார் வேண்டுமானாலும் உதவிக்குப் போகலாமா?

ஜோஸ்லின்


அக்டோபர் 11, வெள்ளி

ஜோஸ்லின்,

பொறாமையா? உனக்கா? ஏம்மா மகராசி, புருஷன் உன்கிட்ட, ரெண்டு கார் நிக்கிற வீடு உன்கிட்ட, ஒன்பது மணிக்குத் திறக்கிற வேலை உன்கிட்ட. என்கிட்ட மிச்சம் இருக்கிறது ஒரு பொண்ணு. அதுக்கும் உனக்கு வயிறு எரியுதா?

விற்பனைக்குத் தாராளமா வா. யாரும் தடுக்க மாட்டாங்க. பெட்டி பெட்டியாத் தூக்கணும், அடுத்த வீட்டுப் பிள்ளை போட்ட உடுப்பைக் கையால தொடணும். உன் நகத்துக்கு ஆகாது. எனக்கு இந்தத் தடவை அங்கே நிக்க முடியலை, அடுத்த வெள்ளிலேருந்து ஞாயிறு வரைக்கும் கூடுதல் வேலை. வர்ற வியாழக்கிழமையே என் பெட்டியைக் கொடுத்துட்டு வந்துடுவேன்.

வின்னி இன்னிக்குப் பழைய நீலக் கோட்டுல வர்றா. உன் கோட்டு துவைக்கப் போட்டிருக்கு.

கொரீன்


அக்டோபர் 20, ஞாயிறு

துவைக்கப் போட்டிருக்கா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கர்லிங் கிளப்புக்குப் போனேன். நகமெல்லாம் வெட்டிட்டுத்தான் போனேன். பொம்பளைப் பிள்ளைங்க, ஏழாம் அளவு, அந்தக் கம்பியை என்கிட்ட கொடுத்தாங்க. ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு வந்தேன். முட்டியை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஜிப்பை இழுத்துப் பார்த்தேன். உன்னை மாதிரியே செய்யறேன்னு ஒரு பெருமைகூட வந்துச்சு, என் புத்தியைச் சொல்லணும். அஞ்சாவது பெட்டியில கத்திரிப்பூ நிறத்துல ஒரு கோட்டு. காலர்ல ஊக்கு, ஊக்குல அட்டை. "ஒரே ஒரு தடவை போட்டது. பன்னிரண்டு டாலர்."

ஒரு மாசமா இந்த நோட்டுல பார்த்துப் பார்த்து உன் கையெழுத்து எனக்கு மனப்பாடம்.

நான் வாங்கின கோட்டையே திரும்ப விலைக்கு வாங்கி, கார் டிக்கியில போட்டுக்கிட்டு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், வீடு வர்ற வரைக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 14ஆம் தேதி மிசஸ் பெல்டியேவோட மேஜை மேலே இதைப் போட்டா உன் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டினேன். ஒரு சிவப்பு விளக்குல நிக்காமகூட வந்துட்டேன்.

உள்ளே வந்தா வின்னி மாடிப்படியில உக்காந்திருக்கா. கண்ணெல்லாம் வீங்கிப் போயிருக்கு. கோட்டு எங்கேன்னு டெரிக் கேட்டிருக்கார். "விளையாட்டு மைதானத்துல தொலைச்சுட்டேன்"னு சொல்லியிருக்கா. அவர் கத்தியிருக்கார். சனிக்கிழமை நீச்சல் குளம் கிடையாதுன்னுட்டார். ஒரு மாசமா அவ எண்ணிக்கிட்டிருந்த நீச்சல் குளம். நான் பக்கத்துல உக்காந்து, "நிஜமாவே தொலைச்சியா?"ன்னு கேட்டேன். என் கண்ணைப் பார்த்து, "ஆமா ஜோ, நான்தான் தொலைச்சேன்"னு சொன்னா.

கோட்டு டிக்கியில இருக்கு. அவளும் சனிக்கிழமை முழுக்க வீட்லதான் இருந்தா. நான் வாயைத் திறக்கலை. திறந்திருக்கணும், நீச்சல் குளமாவது கிடைச்சிருக்கும். திறந்தா உன் பேரைச் சொல்லணும், அவ எதைச் சொல்லக் கூடாதுன்னு பொய் சொன்னாளோ அதையே நான் சொல்லணும்.

என்ன செய்யறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. நீ என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

ஜோஸ்லின்


அக்டோபர் 25, வெள்ளி

ஜோஸ்லின்,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். நோட்டே மெலிஞ்சு போச்சு.

அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்த ஞாயித்துக்கிழமை, அவ கண்ணாடி முன்னாடி நின்னு சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டா. தொப்பியைப் போட்டுப் பார்த்தா, எடுத்துப் பார்த்தா. நான் எடுத்துக் கொடுத்த எதைப் போட்டும் அப்படி அவ நின்னதில்ல. அடுப்புல பான்கேக் தீயுது, நான் அவளையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். அந்த வாரம் முழுக்க அது ஆணியில தொங்கிச்சு. ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் நீ வந்து என் வீட்டு நடையில நிக்கிற மாதிரி இருந்துச்சு.

அட்டை எழுதும்போது அவ பால் டம்ளரோட வந்து நின்னா. "அம்மா, அது என்னோடது இல்லையா?"ன்னு கேட்டா. "உனக்குச் சின்னதாப் போச்சு கண்ணு"ன்னு சொன்னேன். இன்னும் ரெண்டு குளிருக்குத் தாங்கும் அந்தக் கோட்டு. கை நீளம் விரலைத் தாண்டி நிக்குது. அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தா. டம்ளரைக் கீழே வெச்சுட்டு, ஊக்கு டப்பாவை எடுத்து என்கிட்ட நீட்டினா.

அப்பவே நிறுத்தியிருக்கணும். சொரணை இருந்தா நிறுத்தியிருப்பேன். நான் ஊக்கை வாங்கிக் குத்தினேன்.

முதல்ல நான் பொய் சொன்னேன், அவ கத்துக்கிட்டா. நீச்சல் குளம் போச்சுன்னு என்கிட்ட அவ மூச்சு விடலை. உன் கடிதத்துலதான் படிச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே அவளை உக்கார வெச்சு, அம்மா பண்ணினது தப்பு, பொறாமையில பண்ணினேன்னு சொல்லிட்டேன். "பொறாமைன்னா என்ன?"ன்னு கேட்டா. பிரின் காலரைத் திருப்பினப்போ உனக்கு எப்படி இருந்துச்சோ, அது மாதிரி ஒரு எரிச்சல், ஆனா யாரும் எதுவும் பண்ணாமலே வர்றதுன்னு சொன்னேன். புரிஞ்சுதோ என்னவோ, என் தலையைத் தடவிக் கொடுத்தா.

கோட்டை நீ என்ன வேணாப் பண்ணிக்கோ. 14ஆம் தேதி நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தர மாட்டேன்.

கொரீன்


நவம்பர் 15, வெள்ளி

ஜோஸ்லின்,

நேத்து அங்கே என்ன நடந்துச்சுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன், எங்கேயாவது தப்பா இருந்தா திருத்து.

நான் எழுந்து சொன்னேன். ஜோஸ்லின் வாங்கிக் கொடுத்த கோட்டை வித்தது நான், பிள்ளை என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லிச்சு, இனிமே யாரும் அவளைத் திட்டக் கூடாதுன்னேன்.  டெரிக் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து, "பார்த்தீங்களா? பார்த்தீங்களா? இவகிட்ட பிள்ளையை விடலாமா?"ன்னான். சரி, போச்சுடா எல்லாம்னு நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.

அப்ப நீ, "டெரிக், உக்காருங்க"ன்னே. ஏழு வருஷம் நான் சொல்லி அவன் உக்காந்ததில்ல. அந்த அடுத்தவர் பேர் எழுதின வரியை எடுத்துடுங்க, அது தட்டச்சு பண்ணும்போதே எனக்குச் சரியாப் படலைன்னே. அப்புறம், ஜனவரிலேருந்து காலையில நான் கொரீன் வீட்டுக்குப் போய் வின்னியோட இருக்கேன், எழுப்பிச் சாப்பிட வெச்சுப் பள்ளியில விட்டுட்டு ஒன்பது மணிக்கு வேலைக்குப் போயிடுவேன், அதனால எதையும் மாத்த வேண்டியதில்லைன்னே. டெரிக் வாயைப் பிளந்தான். மிசஸ் பெல்டியே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

நல்லவ பட்டமும் நீயே வாங்கிட்டுப் போயிட்டே. நான் ஒரு மாசமா மனசைத் தயார் பண்ணி, அவமானத்தையெல்லாம் விழுங்கி எழுந்து நின்னேன். ரெண்டே வாக்கியத்துல நீ என்னைத் தாண்டிப் போயிட்டே. அதுவும் எதைக் கேக்குறே? என் வீடு, என் சமையலறை. பாதித் தூக்கத்துல, தலையெல்லாம் கலைஞ்சு, சூடா இருக்கிற என் பொண்ணு. அந்த நேரத்துல அவளை நான்கூட ரெண்டு நிமிஷம்தான் பார்க்கிறேன், பஸ்ஸுக்கு ஓடணுமேன்னு. அதைத் தூக்கி உன் மடியில போடணுமா?

எதுக்காகச் செஞ்சே? நேரா பதில் சொல்லு.

கொரீன்


நவம்பர் 17, ஞாயிறு

கொரீன்,

நேராவே சொல்றேன். உங்களுக்காக இல்லை.

அந்தச் சனிக்கிழமை, நீச்சல் குளம் இல்லாம அவ வீட்ல உக்காந்திருந்தப்போ, ஜன்னலை விட்டு நகரலை. உங்க பஸ் எங்க தெரு முனையில இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்புதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பஸ் வரும்போதெல்லாம் ஓட்டறது நீங்கதானான்னு எட்டிப் பார்த்தா. நீங்க இல்லைன்னா உக்காருவா. வார நாள் அஞ்சும் அவ எங்க வீட்ல இருந்தா அஞ்சு நாளும் அதைத்தான் நான் பார்க்கணும். அவ ரோட்டைப் பார்ப்பா, நான் அவ முதுகைப் பார்ப்பேன். என்னால முடியாது. நான் அவ்வளவு பெரிய மனசுக்காரி இல்லை.

உங்களோட இருந்துட்டு வர்றப்போ அவ சந்தோஷமா வர்றா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கழுத்தைக் கட்டிக்கிறா. அதைக் கெடுத்துக்க எனக்கு இஷ்டமில்லை. காலை நேரம் கேட்டதும் பேராசையிலதான். வாரக் கடைசியில அவ விருந்தாளி மாதிரி வர்றா, நான் விருந்து வைக்கிற மாதிரி வாங்கிக் குவிக்கிறேன். ஒரு காலை, சாதாரண காலை, ஒரு காலுறை கிடைக்காம வீடு முழுக்கத் தேடுற காலை, எனக்கும் வேணும்.

கோட்டை அவகிட்டயே கொடுத்துட்டேன். டெரிக்கும் அவகிட்ட மன்னிப்புக் கேட்டார், கேக்க வெச்சேன். நேத்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனார்.

வேண்டாம்னா வேண்டாம்னு எழுதுங்க. வீடு உங்களோடது. ஆனா நீங்க மறுத்தா டெரிக் கேட்டதுதான் நடக்கும், அதையும் யோசிச்சு எழுதுங்க.

ஜோஸ்லின்


ஜனவரி 3, வெள்ளி

ஜோஸ்லின்,

ஆறு வாரமா உனக்குப் பதில் எழுதலை. காய்ச்சல், பல்லு விழுந்ததுன்னு எழுதினேனே தவிர, இதுக்கு எழுதலை. மிசஸ் லிண்ட்க்விஸ்ட் ஞாயித்துக்கிழமை கிளம்பறாங்க. வேற மூணு பேரைக் கேட்டுப் பார்த்தேன்னு மறைக்காம சொல்லிடறேன். காலை அஞ்சு மணிக்கு, இந்தக் குளிர்ல, யாரும் வரலை. வந்திருந்தாலும் வின்னி, "ஜோ வரட்டுமே"ன்னுதான் சொல்லியிருப்பா. மூணு தடவை சொல்லிட்டா. மூணு தடவையும் எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

திங்கக்கிழமை நாலே முக்காலுக்கு வந்துடு. சாவி இந்தப் பையிலேயே வெச்சிருக்கேன். வாசப்படியில பனிக்கட்டி, உப்பு தூவியிருப்பேன், இருந்தாலும் பார்த்துக் கால் வை. காப்பி போட்டு வெச்சுட்டுப் போவேன், எனக்குப் போட்டதுல மிச்சம், உனக்காகன்னு நினைச்சுக்காதே. ஆறே முக்காலுக்கு எழுப்பினாப் போதும். ஓட்ஸ் கஞ்சியில உலர்ந்த திராட்சை போட்டா ஒதுக்கி வெச்சுடுவா. என்ன உடுப்புப் போடணும்னு அவளே எடுத்துப்பா. நீ வாங்கினதோ நான் எடுத்ததோ, எதை எடுத்தாலும் நீயும் வாயைத் திறக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்.

திரையை விலக்கினா எழுந்திருக்க மாட்டா, போர்வையை இழுத்தா அழுவா. பக்கத்துல உக்காந்து முதுகுல கையை வெச்சுக் கொஞ்ச நேரம் அப்படியே இரு. தானாப் புரண்டு திரும்புவா. கண்ணைத் திறக்காமலே, யார் இருக்காங்கன்னு பார்க்காமலே, "அம்மா"ன்னுதான் கூப்பிடுவா. நான் அந்நேரம் கிளம்பிப் போயிருக்கிறதால, மிசஸ் லிண்ட்க்விஸ்ட்டையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கா.

உன்னையும் கூப்பிடுவா. "நான் அம்மா இல்லை, ஜோ"ன்னு சொல்லித் திருத்தாதே. பிள்ளை பயந்துடும். "என்ன கண்ணு"ன்னு கேளு.

ஆனா அதை மட்டும் இந்த நோட்டுல எழுதாதே.

கொரீன்